வரிசையில் பின்னால் வந்த கப்பல்

சுவிஸில், ரெனான் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் அப்பாவைப் பற்றிய முதல் முறைப்பாடு குப்பையால் வந்தது. அந்த நாட்டில் குப்பை போட நாளும் உண்டு, நேரமும் உண்டு. விடிந்த பிறகு பையைக் கட்டி வாசலில் வைக்க வேண்டும். அப்பாவோ பகல் வெளிச்சத்தில் குப்பையை வெளியே எடுக்க விடமாட்டார். பொழுதுபட்டு நன்றாக இருண்ட பிறகு தானே கொண்டுபோய் வைப்பார். பூனை வந்து பையைக் கிழித்து மீன்முள்ளையும் வெங்காயத் தோலையும் வாசல் முழுக்கப் பரப்பிவிடும். மீன்முள் என்றால் யார் வீடு என்று விசாரிக்கத் தேவையில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட போர்த்துக்கீசப் பெண் என் கதவைத் தட்டி, மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டுப் போவாள். நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். நாள் முழுக்க ஊரார் அழுக்கைத் தோய்த்துவிட்டு வருகிறவளுக்குத் தன் வீட்டு அழுக்கு வாசலில் கிடந்தால் எப்படி இருக்கும்? கூட்டி அள்ளும்போது யாரும் படியிறங்கி வந்துவிடக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

குப்பையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாலையானதும் வீட்டுத் திரைகளை இழுத்து, ஓரங்களில் துவாய் செருகுவார். பல்கனியில் சிகரெட் பிடித்தால் நெருப்பு வெளியே தெரியாமல் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிப்பார். எதிர்க் கட்டடத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கள்ளன் ஒளிந்து நிற்பது போல இருக்கும். ஏற்கெனவே எங்களைக் கண்டால் கைப்பையை மறுதோளுக்கு மாற்றுகிற சனம்.

"அப்பா, இது கப்பல் இல்லை," என்று கத்துவேன்.

"பழகிப்போச்சு பிள்ளை," என்பார்.

அவர் இளவயதில், இரண்டாம் உலக யுத்தத்தில், இங்கிலாந்துக்காரரின் சரக்குக் கப்பலில் சமையற்கட்டில் வேலை செய்தவர். கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் கப்பல்கள் ஒன்றுசேர்ந்து, வயலில் நாற்று நட்டது போல வரிசை பிடித்து, அத்திலாந்திக்கைக் கடந்து இங்கிலாந்துக்குக் கோதுமையும் எண்ணெயும் கொண்டுபோகும். கொன்வோய் என்பார்கள். எங்கள் காலத்தில் ஊரில் கொன்வோய் என்றால் ஆமி லொறிகள்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே நாங்கள் ஒழுங்கைக்குள் ஓடுவோம். அப்பாவின் கொன்வோயில் ஓட இடமில்லை. தண்ணீருக்குள் ஜெர்மன்காரனின் நீர்மூழ்கி காத்திருக்கும். ஆகவே பொழுதுபட்டால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. பகலில் குப்பை கொட்டக் கூடாது, மிதக்கும் முட்டைக்கோதைப் பிடித்துக்கொண்டே எதிரி பின்னால் வந்துவிடுவான். எந்தக் கப்பலும் வரிசையை விட்டு விலகக் கூடாது. பக்கத்துக் கப்பல் அடிபட்டாலும் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த குண்டு அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பெடியன்களுக்கு அப்பா இதையெல்லாம் கை காலை ஆட்டிச் சொல்லுவார். அலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயரும். கோழிக்கறியின் மணத்துக்கு வந்தவர்கள் கதைக்காக இருந்துவிடுவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். கதையின் கடைசியில் எப்போதும் பெரியப்பா வருவார். அவர்தான் அப்பாவின் தமையன், அப்பாவைக் கப்பல் வேலைக்குக் கூட்டிப்போனவர். அதே கொன்வோயில் வேறொரு கப்பலில் சமையற்காரர். ஹலிஃபக்ஸில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்தார் என்றும், அப்பாவே நின்று, சாமியாரை வைத்து, சவக்காலையில் ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து, சிலுவையில் பெயர் எழுதினார் என்றும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தமையனை அந்நிய நாட்டில் தனியாளாக நின்று அடக்கம் செய்தவர் என்பதால் ஊரில் அப்பாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. சாவீடுகளில் அவரைக் கேட்டுத்தான் பெட்டியை மூடுவார்கள்.

எங்கள் கரையில் அடக்கம் என்பது சும்மா காரியம் இல்லை. கடலுக்குப் போனவனின் உடம்பு கரை ஒதுங்காவிட்டால் அவன் செத்தவன் ஆகமாட்டான். பெண்சாதி தாலியைக் கழற்றமாட்டாள், படலையைப் பூட்டமாட்டாள், சோறு ஒரு பிடி கூடத்தான் போடுவாள். அப்படிக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கதி வரவில்லை. அப்பா வந்து சொன்ன அன்றைக்கே வெள்ளைச் சீலை உடுத்து, கைக்குழந்தையோடு அழுது முடித்து, பிறகு அப்பம் சுட்டு விற்று மகளை வளர்த்தா. அந்த மகள்தான் என் அக்கா. தகப்பன் முகம் அறியாதவள்.

அந்த அக்கா குடும்பத்தோடு மொன்றியலுக்குப் போய்ச் சேர்ந்த வருஷம்தான் எல்லாம் தொடங்கியது. ஒரு ஞாயிறு தொலைபேசியில் அழைத்து, கோடை விடுமுறைக்கு ஹலிஃபக்ஸுக்குப் போகப்போகிறோம் என்றாள். தன் அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப் போகிறாளாம். பெரியம்மா ஊரில் இருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாவாம், அந்தக் கல்லறையில் இருந்து ஒரு பிடி மண் வேண்டும் என்று. தான் செத்தால் பெட்டிக்குள் தன் கையோடு அந்த மண்ணை வைத்துப் புதைக்க வேண்டுமாம்.

"சித்தப்பாவிட்டை இடத்தைக் கேட்டு வையடி. அடுத்த ஞாயிறு எடுக்கிறன்," என்றாள் அக்கா. அவளுடைய குரலில் கலியாண வீட்டுக்குப் போகிறவளின் அவசரம் இருந்தது.

நான் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போனார். அந்தக் கிழமை முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தமையனின் நினைவு வந்துவிட்டது பாவம் என்று நினைத்து, நான் அவருக்குப் பிடித்த ஒடியல் கூழுக்குப் பனங்கிழங்கு மா தேடி அலைந்தேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் ஒரு சுவிஸ் கிழவர் தனியே இருந்தார். அப்பாவும் அவரும் நிலக்கீழ்ச் சலவையறையில் சந்தித்துக்கொண்டவர்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தோய்க்க ஒரு நாள். எங்கள் நாளும் அவருடைய நாளும் அடுத்தடுத்து வரும். அவருடைய முன்கையில் பச்சை குத்தியிருந்த நங்கூரத்தைக் கண்டு அப்பா "ஷிப்?" என்று கேட்க, அவர் அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். மலையும் ஏரியும் தவிர வேறொன்றும் இல்லாத இந்த நாட்டுக்கும் அந்த யுத்தத்தில் சொந்தக் கப்பல்கள் இருந்தனவாம். யாரோடும் சண்டையில்லாத நாடு என்பதால் அவை கொன்வோயில் சேராமல் தனியே போகும். பக்கத்தில் நாட்டின் பெயரைப் பெரிதாக எழுதி, எல்லா விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு போகுமாம். அப்பாவால் இதைத் தாங்கவே முடியவில்லை.

"லைட்டைப் போட்டுக்கொண்டோ? நடுக்கடலிலையோ?" என்று மாடியேறி வந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் இடையில் கொஞ்சம் கப்பல் இங்கிலிஷ் ஓடும். துறைமுகப் பெயர்கள், சாப்பாட்டுப் பெயர்கள், கெட்ட வார்த்தைகள். அதற்கு மேல் என்றால் நான் வேண்டும். என்னுடைய பிரெஞ்சோ சலவைக்கூடத்துப் பிரெஞ்சு. படுக்கைவிரிப்பு, சவர்க்காரம், கறை, சுடுதண்ணீர் என்றால் தட்டாமல் வரும்.

அக்கா மறுபடி எடுக்க இருந்த ஞாயிறு மத்தியானம், அப்பா சேர்ட் மாற்றி, தலைவாரிக்கொண்டு வந்து நின்றார்.

"கீழை வா பிள்ளை. அந்த மனுசனிட்டை ஒரு விசயம் கேக்கவேணும்."

கிழவர் கோப்பி போட்டு, பிஸ்கட் தட்டையும் வைத்தார். அப்பா பிஸ்கட்டைத் தொடவில்லை.

"ஹலிஃபக்ஸிலை மாலுமியளைப் புதைக்கிற சவக்காலை எந்தப் பக்கம் எண்டு கேள்."

கேட்டேன். ஒரு முறை கப்பல் திருத்த அங்கே போயிருந்ததாகவும், சவக்காலை ஒன்றல்ல, பல என்றும் கிழவர் சொன்னார். எதில் அடக்கம் செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அப்பா கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "பேரில்லாத கல்லுகளும் இருக்குமோ எண்டு கேள்."

"ஏன் பேரில்லாத கல்லு?" என்றேன். "பெரியப்பாவின்ரை சிலுவையிலை பேர் எழுதினதெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"நீ கேள் பிள்ளை."

கேட்டேன். இருக்கும் என்றார் கிழவர். கரையோரம் அடிபட்ட கப்பல்காரரின் உடல்கள் ஒதுங்கும், அவற்றைப் பெயர் தெரியாமல் புதைப்பார்கள். நடுக்கடலில் போனவர்களுக்குக் கல்லும் இல்லை, குழியும் இல்லை. சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, என்னை விட்டுவிட்டு, அவருக்குத் தெரிந்த இங்கிலிஷில் நேராக அப்பாவிடமே கேட்டார்.

"கொன்வோய்... நோ ஸ்டாப்?"

"நோ ஸ்டாப்," என்றார் அப்பா. "நோ ஸ்டாப். நோ ஸ்டாப்." சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"அண்ணையின்ரை கப்பல் முன்னுக்கு, எங்கடை கப்பல் அதுக்குப் பின்னாலை. ஒரே வரிசை. காலமை எழும்பினால் அவர் பின்தட்டிலை வந்து நிண்டு ஏப்ரனைக் கழட்டி ஆட்டுவார். நான் முன்தட்டிலை நிண்டு ஆட்டுவன். அவ்வளவுதான் எங்களுக்குள்ளை கதை. அண்டைக்குப் பொழுதுபடுற நேரம். நான் வாளியோடை குப்பை கொட்ட வெளியிலை வந்தனான். அவையின்ரை கப்பல் அடிபட்டு, சரிஞ்சு, ஒரு பக்கமாய் ஒதுங்கிப்போட்டுது. ஆக்கள் தண்ணியிலை. எங்கடை கப்பல் நிக்கேல்லை, அவங்களுக்கு நடுவாலை போகுது. ஒவ்வொருத்தற்றை தோளிலையும் மிதவைச் சட்டையின்ரை சின்னச் சிவப்பு லைட். எல்லாரும் கத்துறாங்கள், ஆற்றை பாசையெண்டும் விளங்கேல்லை. அதுக்குள்ளை தமிழிலை ஒரு குரல். பின்னாலை வாறது என்ரை கப்பல் எண்டு அவருக்குத் தெரியுமெல்லோ. அண்ணை என்னைக் கூப்பிட்டவர்."

நிறுத்திவிட்டு, "சொல்லு அவருக்கு," என்றார்.

நான் சொன்னேன். மூழ்குவது என்பதற்கு எனக்குப் பிரெஞ்சில் சொல் வரவில்லை. கீழே போனது, கீழே போனார்கள் என்று சொன்னேன். கேட்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் சமையலறையில், பிஸ்கட் தட்டுக்கு முன்னால், எங்கள் குடும்பத்தின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அதை ஏற்றிவிடுகிறவள் நானாக இருந்தேன். சவக்காலை, மரம், சிலுவை, சாமியார் எல்லாமே பொய். அந்தப் பொய்யை முன்னால் வைத்துத்தான் பெரியம்மா வெள்ளைச் சீலை உடுத்திருக்கிறா.

கிழவர் கையை நீட்டி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "அது கட்டளை. கப்பலை நிறுத்தியிருந்தால் எல்லோரும் செத்திருப்பீர்கள். உங்களில் பிழை இல்லை," என்றார். அப்பாவிடம் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார்.

சொன்னேன்.

"அது கப்பலுக்குப் போட்ட கட்டளை," என்றார் அப்பா. "கப்பல் நிக்கேலாது. நான் நிண்டிருக்கலாம். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, அண்ணை எண்டு ஒரு குரல் குடுத்திருக்கலாம். நான் உள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டன் பிள்ளை. சூப் காய்ச்சுற நேரம். சட்டியிலை கரண்டியைப் போட்டு, சத்தம் கேக்காமல் இருக்க, அடிச்சு அடிச்சுத் துழாவினன்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொல்கிறார் என்று கிழவர் கேட்டதற்கு, கோப்பிக்கு நன்றி சொல்கிறார் என்றேன். அவர் நம்பியிருக்கமாட்டார். கதவு வரை வந்து, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு விட்டார்.

படியேறும்போதே நான் தொடங்கிவிட்டேன். "பெரியம்மாவுக்கு ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?"

"கடலோடை போயிட்டார் எண்டால் அவ இண்டைக்கும் கரையைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்திருப்பா." இரண்டு படி ஏறி நின்றார். "அது அரைவாசி. மற்ற அரைவாசி, ஆக்கள் கேப்பினம் எல்லோ, நீ எங்கை நிண்டனீ எண்டு."

"இப்ப அக்காவுக்கு என்ன சொல்லப்போறியள்? ஆற்றையோ ஒரு குழியைக் காட்டி மண் அள்ளச் சொல்லவோ யோசிச்சனீங்கள்?"

"ஓம். அதுக்குத்தான் உன்னைக் கீழை கூட்டிக்கொண்டு போனனான்." கைப்பிடியில் சாய்ந்தார். "எனக்கு மட்டும் இருந்த வெக்கத்தை உனக்கும் தந்திட்டன்."

நான் வீட்டுக்குள் போய், தேவையில்லாமல் பாத்திரங்களைக் கழுவினேன். சனம் என்ன சொல்லும், இனி ஞாயிற்றுக்கிழமை வருகிற பெடியன்களின் முகத்தில் எப்படி முழிப்பது, ஊரில் சாவீடுகளில் முன்னுக்கு இருத்திய மனிதரைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று இவ்வளவும்தான் என் மண்டைக்குள் ஓடியது. என் கணவர் வேலையால் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். தலையிடி என்றேன்.

தொலைபேசி அடித்தபோது அப்பா அதற்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். நான் எடுக்கப் போக, கையால் தடுத்துவிட்டுத் தானே எடுத்தார்.

"ஓம் பிள்ளை, சித்தப்பாதான் கதைக்கிறன். நீ அங்கை போகவேண்டாம். அங்கை ஒண்டும் இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கீழ் வீட்டில் சொன்னதைவிடக் கட்டையாக, ஆனால் ஒன்றையும் விடாமல். கதவைச் சாத்தியதையும் சொன்னார், சூப்புச் சட்டியையும் சொன்னார். "அம்மாவுக்கு நீ சொல்லு. இல்லாட்டி நானே ஆரையும் பிடிச்சுச் சொல்லுவிக்கிறன். வேறை ஆற்றையும் மண்ணை அவவின்ரை கையிலை வைக்கவேண்டாம்," என்றார். அந்தப் பக்கத்தில் இருந்து தூர நாட்டு அழைப்பில் வருகிற அந்த இரைச்சல் மட்டும் எனக்கும் கேட்டது. அக்கா திட்டினால் நல்லது என்று நினைத்தேன். அவளுக்கு வாய் நீளம், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் போல, காதில் இருந்து ரிசீவரை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதை என்னிடம் நீட்டினார். "உன்னோடை கதைக்கவேணுமாம்."

"அக்கா," என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வைத்தேன்.

"எடியே, சித்தப்பாவிட்டை ஒண்டு கேளடி. எனக்கு அவரிட்டைக் கேக்க வாய் வருகுதில்லை," என்றாள். அழுதிருக்கிறாள், மூக்கடைத்திருந்தது. "என்ரை அப்பா என்ன சொல்லிக் கூப்பிட்டவராம்? அவர் சொன்ன சொல்லெண்டு ஒண்டும் எனக்குத் தெரியாதடி. அம்மாவும் ஒண்டும் சொன்னதில்லை. அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

மத்தியானம் முழுக்க நான் அப்பாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டிருந்தேன். இது என் வாயில் வரவே இல்லை. தண்ணீருக்குள் கிடந்த மனிதரைப் பற்றி நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதைப் போல வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். "பெரியப்பா என்னெண்டு கூப்பிட்டவர்?"

அப்பா கதிரையை விட்டு எழுந்து பல்கனிப் பக்கம் திரும்பினார். சொல்லமாட்டார் என்று நினைத்தேன். பிறகு, தன் குரலில் இல்லாமல், உரத்து, எங்கள் ஊரில் ஒருவன் மற்றத் தோணிக்காரனைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார்.

நான் கையை எடுத்துவிட்டு அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"'தம்பி, இஞ்சாலை பாரடா' எண்டவராம்."